அறைக்குள் நிரம்பிய மண்ணை அகழ்தல்: சாட்டல்ஹோயுக்கில் ஒரு நாள் வேலை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துருக்கியின் கோன்யா சமவெளியில், சும்ரா ஊருக்கு அருகே இருக்கும் புதிய கற்கால மேடு சாட்டல்ஹோயுக். கிழக்கு மேட்டின் பரப்பு ஏறக்குறைய 13 ஹெக்டேர், உயரம் 21 மீட்டர். பொ.ஆ.மு. 7100 முதல் 5950 வரை மக்கள் இங்கே வீட்டின் மேல் வீடாகக் கட்டி வாழ்ந்தார்கள். 1960களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் மெல்லார்ட்டும், 1993 முதல் கால் நூற்றாண்டு காலம் இயன் ஹாடர் தலைமையிலான குழுவும் இங்கே ஆய்வு செய்தார்கள். 2012இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இது சேர்ந்தது. அகழாய்வுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்விகளுக்கு, இந்த இடத்தை எடுத்துக்காட்டாக வைத்துப் பதில் சொல்கிறோம்.

அறை நிரப்பு என்றால் என்ன? காற்றும் மழையும் கொண்டுவந்து சேர்த்த மண்தானே?

பல இடங்களில் அப்படித்தான். கைவிட்ட வீட்டில் கூரை விழும், சுவர் கரையும், மேலே புழுதி படியும். சாட்டல்ஹோயுக்கில் பெரும்பாலான வீடுகளின் கதை வேறு. ஒரு வீட்டின் காலம் முடிந்ததும் அதில் வாழ்ந்தவர்களே அதை மூடினார்கள். சாமான்களை எடுத்தார்கள், தரையைக் கூட்டினார்கள், மரத்தூண்களைப் பிடுங்கினார்கள். பிறகு கூரையையும் சுவரின் மேல்பகுதியையும் இடித்து, அந்த மண்ணையும் உடைந்த செங்கல்லையும் அறைக்குள்ளேயே கொட்டிச் சமன் செய்தார்கள். மிஞ்சிய சுவர்க்கட்டையின் மேல் அடுத்த வீட்டின் சுவர் எழுந்தது. அதாவது பழைய வீட்டின் நிரப்பு, புதிய வீட்டின் அடித்தளம்.

ஆகவே நீங்கள் தோண்டும் அந்த ஒரு மீட்டர் மண், ஒரு வீட்டை எந்த வரிசையில் மூடினார்கள் என்பதற்கான பதிவு. கடைசியில் கொட்டியதை முதலில் எடுக்க வேண்டும். வேலை முழுவதும் இந்த ஒரு விதியில்தான் நிற்கிறது.

தரையில்தானே செய்தி இருக்கிறது? மேலே இருப்பதை மண்வெட்டியால் வேகமாக அள்ளிவிட்டால் என்ன?

மெல்லார்ட் காலத்தில் வேலை வேகமாக நடந்தது. நான்கே பருவங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட அறைகள் திறக்கப்பட்டன. ஓவியங்களும் சுவர்ச்சிற்பங்களும் உலகப்புகழ் பெற்றன. ஆனால் அந்த அறைகள் எப்படி மூடப்பட்டன என்ற கேள்விக்கான ஆதாரம் அகழ்ந்த மண்ணோடு போய்விட்டது. போன மண்ணைத் திரும்ப வைத்துத் தோண்ட முடியாது.

ஓர் எடுத்துக்காட்டு. தூண் நின்ற இடத்தில், அதைப் பிடுங்கத் தோண்டிய குழி ஒன்று இருக்கும். அந்தக் குழி நிரப்பு மண்ணைத் துளைத்துக்கொண்டு இறங்கினால், வீட்டை நிரப்பிய பிறகு யாரோ திரும்பி வந்து மரத்தை எடுத்திருக்கிறார்கள். நிரப்பு மண் தடையின்றிக் குழிக்குள்ளும் இறங்கியிருந்தால், மரத்தை எடுத்த பிறகே நிரப்பியிருக்கிறார்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மண்ணில் விரல் அகலக் கோடாகத்தான் தெரியும். மண்வெட்டி ஒரே வீச்சில் அந்தக் கோட்டை அழித்துவிடும். 1ஆம் எண் வீட்டின் மேற்குச் சுவரோரம் சிற்பம் ஒன்றைப் பெயர்த்தெடுக்கப் பின்னாளில் தோண்டிய குழி அடையாளம் காணப்பட்டதும், நிரப்பைப் பொறுமையாக எடுத்ததால்தான்.

என்னென்ன கருவிகள் வேண்டும்?

முக்கியமானது 4 அங்குல நீளமுள்ள கூர்முனைக் கரண்டி. கொத்தனார் கரண்டி போலத்தான் இருக்கும். ஆனால் அலகும் கழுத்தும் ஒரே இரும்பில் அடித்ததாக இருக்க வேண்டும். பற்றவைத்தது என்றால் கெட்டி மண்ணில் கழுத்து முறியும். விளிம்பைப் பட்டை அரத்தால் அவ்வப்போது தீட்டிக்கொள்ளுங்கள். மழுங்கிய கரண்டி மண்ணைச் சீவாது, தேய்த்து மெழுகும். மெழுகிய பரப்பில் எந்த நிற வேறுபாடும் தெரியாது.

இவற்றோடு சிறிய கைக்கொத்து, முறம், 10 லிட்டர் வாளிகள், மென்மையான பிரஷ், சுவர்ப்பூச்சின் அருகே வேலை செய்ய மூங்கில் குச்சிகள், பல் மருத்துவர் பயன்படுத்தும் கொக்கிகள், கைத்தெளிப்பான், முழங்கால் அட்டை. அளவெடுக்க டோட்டல் ஸ்டேஷன் (ஒரு புள்ளியின் இடத்தையும் உயரத்தையும் அளக்கும் மின்னணுக் கருவி), நாடா, தூக்குக்குண்டு. நிறம் குறிக்க மன்செல் நிறப்பட்டியல். பிரஷ் உலர்ந்த கெட்டிப் பரப்புக்கு மட்டும். ஈரமண்ணில் அதைத் தேய்த்தால் எல்லா நிறமும் ஒன்றாகிவிடும்.

காலையில் முதல் அரைமணி நேரம் என்ன செய்ய வேண்டும்?

தோண்டக் கூடாது. மூடுதுணியை எடுத்து, இரவில் எங்காவது விரிசல் விட்டதா, பூச்சு உதிர்ந்ததா, வளை தோண்டும் விலங்கு எதுவும் புதிதாக மண் தள்ளியதா என்று பாருங்கள். பிறகு பரப்பு முழுவதையும் ஓரிரு மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சீவிச் சுத்தம் செய்யுங்கள். அறையின் ஒரு மூலையிலிருந்து பின்னோக்கி நகர்ந்தபடி சீவினால், சுத்தம் செய்த இடத்தில் மீண்டும் கால்படாது.

படம் எடுப்பது அதன் பிறகு. பாதி வெயிலும் பாதி நிழலுமாக இருந்தால் படம் பயன்படாது; முழுப்பரப்பும் ஒரே வெளிச்சத்தில் இருக்க வேண்டும். பரப்பு வெளிறிப் போயிருந்தால் கைத்தெளிப்பானில் மெல்லிய பனிபோல நீர் தெளியுங்கள். மண்ணின் நிறங்கள் இரண்டொரு நிமிடம் பளிச்சென்று பிரிந்து தெரியும். களிமண் அதிகமான திட்டு ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், சாம்பல் கலந்த திட்டு முதலில் உலரும். எது முதலில் வெளிறுகிறது என்று பார்ப்பதே நல்ல பாடம். அந்த எல்லைகளை உடனே கரண்டி நுனியால் லேசாகக் கீறி வையுங்கள்.

எந்த இடத்திலிருந்து தொடங்குவது?

காலத்தால் கடைசியாக வந்ததிலிருந்து. கிழக்கு மேட்டில் புதிய கற்கால மக்கள் போய் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்குப் பிறகு ரோமானிய, பைசாந்திய, இஸ்லாமியக் காலத்தவர் தங்கள் இறந்தவர்களைப் புதைத்திருக்கிறார்கள். அந்தப் புதைகுழிகள் வீடுகளின் நிரப்பைத் துளைத்துச் செல்கின்றன. அவற்றின் விளிம்பைக் கண்டுபிடித்து, தனி எண் கொடுத்து, அவற்றை முழுமையாக எடுத்த பிறகே நிரப்பில் கைவைக்கலாம். விலங்கு வளைகளும் இப்படித்தான். பொலபொலவென்று உதிரும் மண்ணும், நேற்றைய புல்விதையும் அவற்றின் அடையாளம்.

பிறகு நிரப்பு. ஒவ்வொரு மண்திட்டும், ஒவ்வொரு குழியும் தனி ‘அலகு’. ஒவ்வோர் அலகுக்கும் திரும்பப் பயன்படுத்தாத எண், தனிப் பதிவுத்தாள், வரைபடம் உண்டு. எது எதற்கு மேல், எது எதை வெட்டுகிறது என்ற உறவுகளை 1973இல் எட்வர்ட் ஹாரிஸ் உருவாக்கிய வரிசைப்படத்தில் கோக்கிறோம்.

கீழடி போன்ற தமிழக அகழாய்வுகளைப் பார்த்தவர்களுக்கு 10 மீட்டர் சதுரக் குழியும், அதை நான்காகப் பிரிக்கும், தோண்டாமல் விட்ட மண்வரப்புகளும் பழக்கமாக இருக்கும். சாட்டல்ஹோயுக்கில் எல்லையைச் சதுரம் முடிவு செய்வதில்லை, வீட்டின் சுவர் முடிவு செய்கிறது. வெட்டுமுகம் தேவையென்றால் அறையின் குறுக்கே ஒரு கோடு வைத்து, ஒரு பாதியை முதலில் எடுத்து, நிற்கும் முகத்தை 1:10 அளவில் வரைந்துவிட்டு மறுபாதியை எடுக்கலாம். வெட்டுமுகம் தெரிந்த பிறகு எடுக்கும் மறுபாதி எப்போதும் சுத்தமாக வரும்.

நிரப்பு ஒரே மாதிரியாக, எந்தப் பிரிவும் தெரியாமல் இருந்தால் 10 செ.மீ. தட்டுகளாக எடுங்கள். இந்தப் பிரிவு நாம் செய்தது என்பதைப் பதிவுத்தாளில் கட்டாயம் எழுதுங்கள்.

சுவரும் மண், நிரப்பும் அதே சுவரின் மண். இரண்டையும் எப்படிப் பிரிப்பது?

புதியவர்கள் அதிகம் திணறும் இடம் இதுதான். பழகியவர்களும் இங்கே வேகத்தைக் குறைப்பார்கள். சுடாத செங்கல்லால் கட்டிய சுவர், அதே செங்கல்லை உடைத்து நிரப்பிய மண்: நிறம் ஒன்று, கெட்டித்தன்மை கிட்டத்தட்ட ஒன்று.

முதலில் மேலிருந்து பாருங்கள். சுவரில் செங்கல்லும் சாந்தும் மாறி மாறி ஒரே கோட்டில் போகும். நிரப்பில் செங்கல் துண்டுகள் சாய்ந்தும் கவிழ்ந்தும் கிடக்கும். அவற்றுக்கிடையே காற்றுப்பைகள் இருக்கும். கரண்டியின் காம்பால் மெதுவாகத் தட்டினால் சுவர் ‘தக்’ என்று இறுகிய ஒலி தரும், நிரப்பில் ஒலி மங்கும். எல்லாவற்றையும்விட நம்பகமான அடையாளம், சுவர்முகத்தில் ஓடும் வெள்ளைப் பூச்சுக்கோடு. வீட்டில் குடியிருந்தவர்கள் வெண்மண்ணைக் குழைத்து மீண்டும் மீண்டும் பூசியிருக்கிறார்கள். சில சுவர்களில் நூற்றுக்கணக்கான மெல்லிய பூச்சுகள், மரத்தின் ஆண்டு வளையம்போல வரி வரியாக நிற்கும். மேலிருந்து பார்த்தால் ஒரு வெள்ளை நூலிழை. அது எங்கே வளைகிறதோ அங்கே மேடையோ முட்டுச்சுவரோ இருக்கிறது. எங்கே அறுந்து போகிறதோ அங்கே தூண் நின்றிருக்கலாம்.

சந்தேகம் இருந்தால் நிறுத்துங்கள். ஒரு சுவர் கிடைக்கவில்லை என்று கெட்டியாகத் தட்டுப்படும்வரை தோண்டிக்கொண்டே போவதுதான், சுவரையே வெட்டித் தள்ளும் வழக்கமான வழி. இன்னொரு 5 செ.மீ. தட்டை அறை நடுவில் எடுத்துவிட்டு, நீர் தெளித்துத் திரும்பப் பாருங்கள்.

பூச்சைச் சேதப்படுத்தாமல் நிரப்பை எப்படி அகற்றுவது?

சுவரை ஒட்டி நேராகக் கீழே தோண்டாதீர்கள். அறை நடுவிலிருந்து தொடங்கி வெளிநோக்கி வாருங்கள். சுவரோரம் 5 முதல் 10 செ.மீ. அகல மண்ணை அப்படியே நிற்கவிடுங்கள். அது பூச்சுக்குத் தாங்கலாக நிற்கும்.

பிறகு அந்த மண்ணை மேலிருந்து கீழாகச் சிறு சிறு துண்டுகளாக எடுக்க வேண்டும். கரண்டி நுனியைப் பூச்சுக்கும் மண்ணுக்கும் இடையே நுழைக்கக் கூடாது. மண்ணுக்குள் ஒரு விரல் தள்ளிக் குத்தி, உங்களை நோக்கி நெம்புங்கள். சரியான ஈரத்தில் மண் பூச்சிலிருந்து தானாகவே விட்டு வரும். பின்னால் வழவழவென்று வெள்ளைச் சுவர் தெரியும், சில இடங்களில் பூசியவரின் கைத்தடம்கூட. அந்தத் ‘தானாகவே விட்டு வருவது’ நடக்கவில்லையென்றால் ஈரம் சரியில்லை. மிக ஈரமென்றால் பூச்சின் மேல்தோல் மண்ணோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். கொஞ்ச நேரம் உலரவிட்டு வேறு மூலைக்குப் போங்கள். மிக உலர்ந்தால் பூச்சே வெடித்துச் செதிலாக உதிரும். நிழல் கட்டி, லேசாக நீர் தெளியுங்கள். கோன்யாவின் கோடை வெயிலில் காலை முழுவதும் நன்றாக இருந்த பூச்சு நண்பகலுக்குள் விரியத் தொடங்கிவிடும்.

சிவப்பு நிறம் ஒரு புள்ளி தெரிந்தாலும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தொல்பொருள் பாதுகாப்பு வல்லுநரைக் கூப்பிடுங்கள். ஓவியமாக இருக்கலாம். சுவரிலிருந்து ஏதாவது புடைத்து நிற்பதாகத் தோன்றினாலும் இதேதான். பூசிய மாட்டுத்தலையும் கொம்பும் சுவரில் நிற்பதற்கு நிரப்பு மண்ணே பல நேரம் தாங்கலாக இருக்கிறது. வல்லுநர் மாற்றுத்தாங்கல் கொடுக்கும்வரை அந்த மண்ணைத் தொடாதீர்கள்.

ஓர் அறையில் எவ்வளவு மண் இருக்கும்? எத்தனை நாள் பிடிக்கும்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம் என்றால் 20 கன மீட்டர், அதாவது 20,000 லிட்டர். தோண்டிய மண் உதிர்ந்து கால் பங்கு கூடும். 10 லிட்டர் வாளியில் ஏறக்குறைய 2,500 வாளி. எடை 30 டன்னுக்கு மேல். ஒரு வாளியைச் சலிக்க 5 நிமிடம் என்றாலும் சலிக்க மட்டும் 200 மணி நேரம் ஆகும். கரண்டியால் கவனமாக எடுப்பவர் நாளொன்றுக்கு அரை கன மீட்டர் எடுத்தாலே நல்ல வேலை. அறை ஒன்றுக்கு ஒரு பருவம் முழுவதும் போவது இதனால்தான்.

எல்லா மண்ணையும் சலிக்க வேண்டுமா? மிதவை முறை எதற்கு?

சலிப்பதற்கு முன் மிதவைக்கான மாதிரியை எடுத்துவிடுங்கள். வழக்கமான அளவு அலகு ஒன்றுக்கு 30 லிட்டர். அலகு அதைவிடச் சிறியதென்றால் முழுவதையும் எடுக்கலாம். எடுத்த அளவை லிட்டரில் எழுதாவிட்டால் மாதிரி பாழ். ஒரு லிட்டருக்கு எத்தனை விதை என்று ஒப்பிட முடியாது.

மாதிரியை நீர்த்தொட்டியில் கொட்டினால் கருகிய விதையும் கரித்துண்டும் மிதந்து மெல்லிய வலையில் சேரும். எலும்புத்துகள், சிறு பாசிமணி, கல்செதில் போன்ற கனமானவை அடியில் 1 மி.மீ. வலையில் தங்கும். அந்தக் கனமான பகுதியை உலர்த்தி, அளவுவாரியாகப் பிரித்துக் கையால் பொறுக்குவது பெரிய வேலை. பக்கத்திலுள்ள குச்சுக்கோய் ஊர்ப் பெண்கள் பல பருவங்களாக இதைச் செய்து, நகக்கண் அளவு மீன் முள்ளையும் பிரித்தறியும் தேர்ச்சி பெற்றார்கள். இந்த மேட்டைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பங்கு அந்தக் கைகள் வழியாக வந்தது.

மீதி மண் 4 மி.மீ. சல்லடைக்குப் போகும். சல்லடைக்குப் போகும் ஒவ்வொரு வாளியிலும் அலகு எண் எழுதிய அட்டை செருகப்பட்டிருக்க வேண்டும். அட்டையில்லாத வாளிக்கு முகவரி இல்லை. அதில் என்ன கிடைத்தாலும் குப்பைக்குச் சமம். களிமண் கட்டியைச் சல்லடையில் வைத்துத் தேய்க்காதீர்கள். சுடாத களிமண் பொம்மை கைக்கு மண்கட்டி போலவே இருக்கும், தேய்த்தால் கரைந்துவிடும்.

பொருள் ஒன்று தட்டுப்பட்டால்?

பிடுங்காதீர்கள். சுற்றியுள்ள மண்ணைத் தாழ்த்தி, அது இருக்கும் நிலையிலேயே முழுவதையும் வெளிக்கொண்டுவாருங்கள். எந்தப் பக்கம் மேலே, எந்தச் சாய்வு, தனியாகவா கூட்டமாகவா என்பதைப் பாருங்கள். துருக்கியின் கப்படோக்கியா பகுதியிலிருந்து வந்த அப்சிடியன் என்னும் எரிமலைக்கண்ணாடிச் செதில் ஒன்று நிரப்பில் கிடந்தால், செங்கல் மண்ணோடு சேர்ந்து வந்திருக்கலாம். அதே செதில்கள் பத்து ஒரே கைப்பிடியாகக் கிடந்தால், யாரோ வைத்தது. அப்படிப்பட்ட கூட்டத்துக்குத் தனி அலகு எண் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் டோட்டல் ஸ்டேஷனில் புள்ளி எடுக்க வேண்டும்.

காலக்கணிப்புக்கான கரியைக் கையால் தொடாமல் சுத்தமான கரண்டியால் எடுத்து அலுமினியத் தாளில் சுற்றுங்கள். வாய்ப்பிருந்தால் கரித்துண்டைவிடக் கருகிய தானியமே மேல். தூண் மரம் வெட்டுவதற்கு முன்பே பல பத்தாண்டு வளர்ந்தது. அதை மறுபடி மறுபடி வேறு வீடுகளிலும் நட்டிருப்பார்கள். தானியம் ஓராண்டுப் பயிர்.

எரிந்த வீடென்றால் என்ன வேறுபாடு?

சில வீடுகள் எரிந்திருக்கின்றன. 77ஆம் எண் வீடு அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தீயில் மண் சிவந்து கெட்டியாகும், மரமும் தானியமும் கருகிப் பாதுகாக்கப்படும். செங்கல் சுட்டிருப்பதால் சுவரைக் கண்டுபிடிப்பது எளிது. ஆனால் பூச்சு நொறுங்கும். கூரைத் துண்டுகள் வந்தால் கோரைப்புல் அச்சு எந்தப் பக்கம் இருக்கிறது என்று எடுப்பதற்கு முன்பே குறியுங்கள். கூரை அப்படியே இறங்கியதா, புரண்டு விழுந்ததா என்பதை அது சொல்லும். 3ஆம் எண் வீட்டில் கிடைத்த சரிந்த கூரைத் துண்டுகள், கூரை மேலும் மக்கள் அன்றாட வேலை செய்தார்கள் என்பதைக் காட்டின. சாட்டல்ஹோயுக்கில் தெரு கிடையாது, வீட்டுக்குள் போக வழி கூரையிலிருந்து இறங்கும் ஏணிதான் என்பதால் இது பெரிய செய்தி.

தரை நெருங்கிவிட்டது என்று எப்படித் தெரியும்?

பெரும்பாலும் சுவர்ப்பூச்சு சொல்லும். அடியை நெருங்கும்போது அது உள்நோக்கி வளையத் தொடங்கும். அங்கிருந்து கடைசி 5 செ.மீ. நிரப்பைத் தனி அலகாக எடுங்கள். மூடுவதற்கு முன் தரையில் வைத்த பொருள்கள் அதில்தான் இருக்கும். மேல்மண்ணோடு கலந்தால் பிறகு பிரிக்க முடியாது. கைக்கொத்து இனி வேண்டாம். காலணியைக் கழற்றிவிட்டுப் பலகைமேல் உட்கார்ந்து வேலை செய்யுங்கள்.

தெற்குப் பக்கம் அடுப்பு, ஏணி. அங்கே தரை சாம்பல் படிந்து கறுத்திருக்கும். வடக்கிலும் கிழக்கிலும் வெள்ளையாகப் பூசிய மேடைகள். அவற்றின் அடியில் வீட்டாரின் இறந்தவர்கள் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். மேடைப்பூச்சில் வட்டமாகத் திட்டு போட்டதுபோல் தெரிந்தால் அது புதைகுழியின் மூடியாக இருக்கலாம். இன்று அதைத் தோண்ட வேண்டாம்; படம், வரைபடம், மட்டம் (உயர அளவு) முடியட்டும்.

அதிகம் நடக்கும் தவறுகள் எவை?

எல்லை தெரியாமல் இரண்டு அலகைக் கலந்துவிடுவதுதான் முதலிடம். கலந்துவிட்டது தெரிந்தால் மறைக்காதீர்கள். இரண்டு எண்ணையும் எழுதி ‘கலப்பு’ என்று குறித்தால் அந்தப் பொருள்களை யாரும் தவறாக நம்ப மாட்டார்கள். மறைத்தால் பத்து ஆண்டு கழித்து ஒருவர் அந்தப் பையிலிருந்து முடிவு எழுதுவார்.

ஆழமான ஓட்டை ஒன்றை மட்டும் தோண்டிப் பார்க்கும் ஆசையும் கெடுதல். அந்த ஓட்டைக்கும் மற்ற பரப்புக்கும் தொடர்பு அறுந்துவிடும். படத்தில் எண்பலகை வைக்க மறப்பது, மட்டம் எடுக்காமல் அலகை முடிப்பது, ஒரே எண்ணை இருவர் எடுப்பது ஆகியவை சிறியவையாகத் தோன்றும். சரிசெய்ய முடியாதவையும் இவைதான்.

நாள் முழுக்கத் தோண்டியும் ஒன்றும் கிடைக்கவில்லையென்றால்?

‘ஒன்றும் இல்லை’ என்று எழுதாதீர்கள். எத்தனை லிட்டர் சலித்து எதுவும் இல்லை என்று எழுதுங்கள். நிரப்பு சுத்தமாக இருப்பதே முதல்தரச் சான்று. பக்கத்துக் குப்பைமேட்டு மண்ணில் எலும்பும் சாம்பலும் நிறைந்திருக்கும்போது, அறையை நிரப்ப மட்டும் அவர்கள் வீட்டின் சொந்தச் செங்கல்லைப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்றால், அது ஒரு முடிவெடுத்துச் செய்த செயல்.

பாதுகாப்பு?

சுவர் விளிம்பில் நிற்காதீர்கள், உட்காராதீர்கள். எடுத்த மண்ணைக் குழியோரம் குவிக்காதீர்கள். சல்லடை அருகே முகக்கவசம் கட்டாயம். வாளியை முக்கால் மட்டும் நிரப்புங்கள். நிறைத்தால் பிற்பகலுக்குள் இடுப்பு போய்விடும்.

வேலை முடிக்கும்போது என்ன செய்ய வேண்டும்?

கடைசி முக்கால் மணி நேரத்தை இதற்கென்று ஒதுக்குங்கள். ஒவ்வொரு பையிலும் இரண்டு சீட்டு: ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. இடம், ஆண்டு, அலகு எண், பொருள்வகை, தேதி, எடுத்தவரின் முதலெழுத்து. பைகளின் எண்ணிக்கையைப் பதிவுத்தாளோடு சரிபாருங்கள். மண்ணின் விளக்கத்தை இடத்தில் இருக்கும்போதே எழுதுங்கள். கூடாரத்துக்குப் போய் எழுதினால் எல்லா மண்ணும் ‘பழுப்பு’ ஆகிவிடும்.

மூடும்போது பிளாஸ்டிக் தாளை நேரடியாகப் பூச்சின்மேல் போடாதீர்கள். அடியில் ஈரம் வியர்த்து, உப்பு பூத்து, பூச்சு உப்பி எழும். காற்றுப்போகும் துணியைப் போட்டு, ஓரங்களில் மணல்மூட்டை வையுங்கள். பாதி வெளிவந்த சுவரோரத்தில், நிற்கவிட்ட அந்த மண்ணை அவசரப்பட்டு இன்றே எடுக்க வேண்டாம். இரவுக்கு அதைவிட நல்ல போர்வை கிடையாது.